மீன்களோடு இறால் வளர்ப்பது எப்படி: தொட்டித் தண்ணீரிலிருந்து குட்டி காப்பது வரை

செர்ரி இறால் ஒன்று பாசி மேய்வதைக் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். முன்னங்கால்களின் நுனியில் தூரிகை போல ஒரு முடிக்கற்றை இருக்கும். அதை விரித்து, இலையைத் துடைத்து, மூடி, வாய்க்குக் கொண்டுபோகும். ஒரு கை வாயில் இருக்கும்போதே அடுத்த கை இலைக்குப் போய்விடும். நாள் முழுக்க இதே வேலைதான். இந்த அழகுக்காகத்தான் பலரும் இறால் வாங்குகிறோம். வாங்கிவந்து, ஏற்கெனவே மீன் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் விடுகிறோம். பத்து விட்டால் மறுநாள் காலையில் நான்கு இருக்கும், வாரக் கடைசியில் ஒன்றும் இருக்காது. மீன் தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அது பாதிதான் உண்மை. நான் சென்னையில் எட்டு வருடங்களாக இறால் வளர்க்கிறேன். என் கையில் செத்த இறால்களில் மீன் வாய்க்குப் போனவை குறைவு. தண்ணீரும் வெயிலும் வீட்டுக்குள் நாமே பயன்படுத்தும் மருந்துகளும் கொன்றவைதான் அதிகம். அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே யோசனையைத்தான் சொல்கிறேன்: தொட்டியை இறாலுக்காக அமையுங்கள், இறால் பெருகட்டும், மீனை அப்புறம் சேருங்கள். கீழே வருவதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

எந்த இறாலை வாங்குவது

முதல்முறை என்றால் செர்ரி இறால். நியோகாரிடினா வகை, தைவான், சீனா பக்கத்து ஓடைகளில் வாழ்வது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கடையில் பல நிறங்களில் கிடைப்பதெல்லாம் ஒரே இனம்தான். பெண் இறால் இரண்டரை முதல் மூன்று செ.மீ. வரை வளரும், ஆண் கொஞ்சம் சிறிது, நிறமும் மங்கல். ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. நிறங்களைக் கலந்து வளர்த்தால் சில தலைமுறைகளில் குட்டிகள் பழுப்பாகவோ நிறமே இல்லாமலோ பிறக்கத் தொடங்கும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும்.

அமானோ இறால் இன்னும் பெரியது, ஐந்து செ.மீ. வரை வளரும். ஜப்பானின் தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்த இதை வளர்த்துப் பரப்பினார், பெயரும் அவரால்தான் வந்தது. உடம்பு பெரிதாக இருப்பதால் சிறிய மீன்கள் சீண்டாது. ஆனால் இதன் லார்வாக்கள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். வீட்டுத் தொட்டியில் முட்டை வரும், குட்டி வராது. மீனோடு வளர்க்க மட்டும் போதும், பெருக வேண்டியதில்லை என்பவர்களுக்கு அமானோதான் சரி.

கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றுக்கு மென்மையான, அதாவது தாது குறைந்த, லேசான அமிலத்தன்மை உள்ள, குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நம் ஊர் வெயிலிலும் போர் தண்ணீரிலும் அது பெரிய போராட்டம்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்போடு "கோஸ்ட் இறால்" என்று மலிவாக விற்பதில், ஆற்று இறாலின் குஞ்சுகளும் கலந்துவிடுவது உண்டு. அது வளர்ந்தால் நீண்ட கைகளும் இடுக்கிகளும் வரும். தூங்கும் மீனைப் பிடித்துத் தின்னும். முன்கைகள் உடம்பை விட நீளமாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

தொட்டியும் ஃபில்டரும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி சுமார் 56 லிட்டர், கல்லும் செடியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இறால் சின்னது, சின்னப் பாத்திரம் போதும் என்று நினைக்கத் தோன்றும். சிறிய தொட்டியில் வெப்பமும் கழிவும் சட்டென்று ஏறி இறங்கும், இறாலுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் எமன்.

ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்பில் ஓடுவது. விலை குறைவு, குட்டி இறாலை உறிஞ்சாது, ஸ்பாஞ்சின் மேலேயே நுண்ணுயிர்ப் படலம் வளர்வதால் குட்டிகள் அதன்மேல் ஏறி மேய்வதையும் பார்க்கலாம். பின்னால் தொங்கும் ஃபில்டரோ தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரோ ஏற்கெனவே இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டிவிடுங்கள்.

அடியில் சாதாரண ஆற்றுக் கூழாங்கல் அல்லது கழுவிய மணல். செர்ரி இறாலுக்கு விலை உயர்ந்த மண் தேவையில்லை.

செடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜாவா மாஸ் இரண்டு கைப்பிடியாவது வேண்டும். கல்லிலும் கட்டையிலும் கட்டி, தொட்டியின் ஒரு பக்கம் மீன் தலை நுழைய முடியாத புதராக ஆக்கிவிடுங்கள். உடைந்த மண் ஓட்டுச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, விரல் நுழையாத இடுக்கு விட்டு அடுக்குங்கள். தோலுரித்த இறால் ஒளிவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை இறாலுக்கு உணவும் ஆகும், ஒளிவிடமும் ஆகும். மருந்து அடிக்காத, சாக்கடை ஓரம் இல்லாத மரமாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, ஒரு இலை போடுங்கள். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் ஆகும், பயப்பட வேண்டாம்.

கடையில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம், தட்டான் பூச்சியின் நீர்ப்புழுவும் வரலாம். அந்தப் புழு குட்டி இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். செடியைத் தனி வாளியில் ஒரு வாரமாவது வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, இலையடியெல்லாம் பார்த்துவிட்டு தொட்டியில் வையுங்கள்.

தண்ணீர்

இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி, வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். செர்ரி இறாலுக்கு 150 முதல் 300 வரை டிடிஎஸ், 6.5 முதல் 8 வரை பிஹெச், 22 முதல் 26 டிகிரி வெப்பம் இருந்தால் சுகமாக இருக்கும். அதற்கு வெளியேயும் பிழைக்கும், ஆனால் பெருகுவது குறையும்.

சென்னையில் போர் தண்ணீர் ஏரியாவுக்கு ஏரியா மாறும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் தாது மிகக் குறைவு, அதை மட்டும் ஊற்றினால் இறாலுக்கு ஓடு கட்ட எதுவும் கிடைக்காது. இரண்டையும் கலப்பதுதான் எளிய வழி. உங்கள் போர் தண்ணீர் 600, ஆர்.ஓ. 50 என்றால், ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. கலக்கும்போது 230 பக்கத்தில் வரும். ஆனால் டிடிஎஸ் என்பது கரைந்த எல்லாவற்றின் கூட்டு. கடற்கரை ஓரப் பகுதிகளில் அந்த எண்ணில் பெரும்பங்கு வெறும் உப்பாக இருக்கும், சுண்ணாம்புச் சத்து குறைவாகத்தான் இருக்கும். நாக்கில் கரிக்கும் தண்ணீர் என்றால் கடினத்தன்மை பார்க்கும் சோதனை மருந்தும் ஒன்று வாங்கிவிடுங்கள். அதில் வரும் ஜிஹெச், அதாவது கடினத்தன்மை எண், 6 முதல் 10 வரை இருக்கட்டும்.

குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்து காற்றுக் குமிழ் விட்டால் குளோரின் போய்விடும், குளோரமின் என்றால் போகாது. மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை அட்டையில் சொன்ன அளவில் சேர்ப்பதுதான் நிம்மதி. அப்புறம், தண்ணீர் பிடிக்கச் செம்புக் குடமோ பித்தளை அண்டாவோ எடுக்காதீர்கள். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு உண்டு. ஆனால் வெளியிலிருந்து தண்ணீரில் கலந்து வரும் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே அதைக் கொன்றுவிடும். பிளாஸ்டிக் வாளி, அதுவும் சோப்பு படாத தனி வாளி.

தண்ணீர் நிரப்பி, செடி நட்டு, ஃபில்டரை ஓட விட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட் ஆகவும், அதை நைட்ரேட் ஆகவும் மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு நாள் பிடிக்கும். அவற்றுக்கு இரை வேண்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து வாங்கிச் சேர்த்தால் சீக்கிரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் என்று வந்த பிறகும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன். அதற்குள் பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய பச்சைப் பாசி படரும். அதைத் துடைக்காதீர்கள், இறாலுக்கு அதுதான் சாப்பாடு.

இறாலை விடுவது

பத்து முதல் இருபது வரை வாங்குங்கள். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனால் பல கடைகளில் பார்த்து வாங்கலாம். பெரியதாக, நல்ல சிவப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். நடுத்தர அளவுள்ள இளசுகளை எடுங்கள், புதுத் தண்ணீருக்கு அவைதான் சீக்கிரம் பழகும். கடைத் தொட்டியில் மேய்ந்துகொண்டே இருப்பது நல்ல அறிகுறி. மூலையில் அசையாமல் நின்றாலோ உடம்பு பால் போல வெளுத்திருந்தாலோ வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கவிழ்க்கக் கூடாது. மெடிக்கல் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட் கிடைக்கும், இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். இறாலைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் ஊற்றி, தொட்டியை விடத் தாழ்வாகத் தரையில் வையுங்கள். குழாயின் ஒரு முனை தொட்டிக்குள், மறுமுனை வாளியில். உருளையைத் திருகி நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் வாளித் தண்ணீர் மூன்று மடங்காகும். டிடிஎஸ் மீட்டரில் இரண்டு தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டினால் போதும். விளக்கை அணைத்து, சிறு வலையால் இறாலை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரில் மீன் மருந்து இருக்கலாம், ஒரு சொட்டுக்கூட தொட்டிக்குள் போக வேண்டாம்.

முதல் இரண்டு நாள் ஒளிந்துகொண்டிருக்கும். தீவனம் வேண்டாம். மூன்றாம் நாள் வெளியே வந்து மேயத் தொடங்கும்.

தோலுரிப்பும் குட்டியும்

ஒருநாள் தொட்டிக்குள் ஒரு இறால் செத்துக் கிடப்பது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, மீசை முதல் வால் வரை கண்ணாடி போன்ற வெறும் ஓடு. வளர்ந்த இறால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இப்படித் தோலுரிக்கும். அந்த ஓட்டை எடுத்து எறியாதீர்கள், மற்றவை தின்று சுண்ணாம்பைத் திரும்பப் பெறும். உரித்த இறாலுக்கு அடுத்த ஒரு நாள் உடம்பு மெத்தென்று இருக்கும், ஒளிய இடம் இல்லாவிட்டால் எந்த மீனும் கொத்தும்.

தலைக்கும் உடம்புக்கும் நடுவில் முழுவளையமாக வெள்ளைக் கோடு விழுந்து இறால் சாகிறது என்றால், ஓடு சரியாகப் பிளக்கவில்லை என்று பொருள். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றியதோ தாதுக் குறைவோ காரணமாக இருக்கும். தண்ணீர் மென்மையாக இருந்தால் பறவைத் தீவனக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டு வையுங்கள்.

பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் திட்டு தெரிந்தால் முட்டை தயாராகிறது. தோலுரித்ததும் ஆண்களெல்லாம் வெறிபிடித்தாற்போல் தொட்டி முழுக்க நீந்தும், அதைப் பார்த்து தண்ணீர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அப்புறம் வயிற்றுக்கடியில் இருபது முப்பது முட்டைகள், சின்னக் குண்டுமணி மாலை போல. மூன்று நான்கு வாரம் அவற்றை நீந்துகால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிந்து வரும் குட்டி இரண்டு மி.மீ. தான், ஆனால் உருவத்தில் முழு இறால். லார்வா நிலை கிடையாது, அதனால்தான் செர்ரி இறால் வீட்டிலேயே பெருகுகிறது.

எந்த மீன்

இரண்டு முறை குட்டிகள் பொரிந்து ஓடத் தொடங்கிய பிறகு, அதாவது மூன்று நான்கு மாதம் கழித்து, மீனைப் பற்றி யோசிக்கலாம். வாய்க்குள் நுழைவதையெல்லாம் மீன் தின்னும். சாது மீன், சண்டை மீன் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை, வாயின் அகலத்தைப் பாருங்கள். இரண்டு மி.மீ. குட்டியை விட்டுவைக்கும் மீன் மிக அரிது.

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஓட்டோசின்க்ளஸ். உறிஞ்சும் வாய், பாசி தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருவது, கடைக்கு வரும்போதே பட்டினியில் வாடியிருக்கும். வயிறு உருண்டையாக இருப்பதை மட்டும் வாங்குங்கள், பாசி படிந்த பழைய தொட்டியில் மட்டும் விடுங்கள். அடுத்தது பிக்மி கோரி, இரண்டரை செ.மீ. குள்ளக் கெளுத்தி, ஆறு சேர்ந்தால் சந்தோஷமாகத் திரியும். எம்பர் டெட்ரா, சில்லி ராஸ்போரா இரண்டும் வாய் சிறியவை. பிறந்த குட்டிகளில் சிலவற்றைத் தின்னும், மாஸ் அடர்ந்திருந்தால் மிச்சம் நிறையவே தப்பும். 45 லிட்டரில் எட்டு எம்பர் டெட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கப்பியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வளர்ந்த இறாலை ஒன்றும் செய்யாது. குட்டியைத் தேடித்தேடித் தின்னும், தானும் மாதாமாதம் பெருகும். ஆறு மாதத்தில் தொட்டி கப்பித் தொட்டியாகிவிடும். ஆண் கப்பி மட்டும் நான்கைந்து என்றால் சமாளிக்கலாம். இறால் விஷயத்தில் நியான் டெட்ராவும் ஏறக்குறைய இதே கணக்கு: வளர்ந்ததை விடும், குட்டியைத் தின்னும். பீட்டா ஒவ்வொன்றும் ஒரு குணம்: சில வருடக்கணக்கில் இறாலைத் திரும்பிப் பார்க்காது, சில முதல் மணி நேரத்திலேயே வேட்டையாடும். முயன்றே தீர வேண்டும் என்றால், திருப்பி எடுக்க ஒரு தனித் தொட்டி தயாராக இருக்கட்டும்.

ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், குராமி, டைகர் பார்ப், லோச், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாவற்றுக்கும் இறால் விருந்துதான். டிஸ்கஸுக்கு வாயும் பெரிது, 28 டிகிரிக்கு மேல் சூடும் கேட்கும். வாய் அளவு விதிக்கு ஒரு விலக்கு, கேரள ஆறுகளைச் சேர்ந்த குள்ள பஃபர். மூன்றரை செ.மீ.க்கு மேல் வராது, பார்க்கக் குழந்தை முகம். அலகு போன்ற பல்லால் தன்னளவு இறாலையும் துண்டுதுண்டாகக் கடித்துவிடும்.

புது மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெண்புள்ளி நோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் தரும் பல மருந்துகளில் செம்பு இருக்கும். இறால் இருக்கும் தொட்டியில் அதை ஊற்றவே முடியாது. மீனுக்கு நோய் வந்தால் மீனைத்தான் வெளியே எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

சேர்க்கும் நாளில் மீனுக்கு முதலில் வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டு, விளக்கை அணைத்து விடுங்கள். பிறகும் மீனுக்கு ஒரு மூலையில் தீனி போடும்போதே இறாலுக்கு எதிர்மூலையில் வெந்நீரில் வாட்டிய பாலக்கீரை ஒரு இலை போடுங்கள். கடைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம், வீட்டுப் பூந்தொட்டியில் வளர்த்த கீரையாக இருந்தால் நல்லது.

கொசு மருந்து

நான்கு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மழையில் வீடெங்கும் கொசு. திரவக் கொசுவிரட்டியை, ஏர் பம்ப் செருகியிருந்த அதே பலகையில் செருகிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எம்பர் டெட்ராக்கள் வழக்கம்போல நீந்திக்கொண்டிருந்தன. இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, நீந்துகால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் நாற்பதுக்கும் மேல் போய்விட்டன. முட்டை சுமந்த பெண்கள் ஐந்தும் அதில் அடக்கம். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

கொசுவிரட்டியில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்றவை பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. இறாலும் பூச்சியும் கணுக்காலி என்ற ஒரே பெருங்குடும்பம், அதனால் கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீரில் கலக்கிறது. தொட்டி இருக்கும் அறையில் சுருள், திரவம், ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கொசுவலை கட்டுங்கள். தெருவில் மாநகராட்சிப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, பம்பை நிறுத்தி, தொட்டிமேல் ஈரத்துணி போட்டு, புகை அடங்கிய பிறகு திறங்கள். கரப்பான் பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தாலும் இதே கவனம் வேண்டும். கொசு கிரீம் தடவிய கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது.

வெயில் காலமும் வாராந்தர வேலையும்

ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மூடியை எடுத்துவிட்டு, மேற்பரப்பில் படும்படி சிறு மேசை விசிறி வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும். கடற்கரைப் புழுக்கத்தில் அதற்கும் குறைவாகத்தான் இறங்கும், ஆனாலும் அந்தக் குறைவே உயிர் காக்கும். விளக்கை மாலையில் மட்டும் எரியுங்கள். ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடாதீர்கள், திடீர் இறக்கம் சூட்டை விட மோசம். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அந்தக் குறைவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் டிடிஎஸ் இரட்டிப்பாகி, ஏன் சாகிறது என்று தெரியாமல் திகைப்பீர்கள்.

வாரம் ஒருமுறை பத்து சதவீதம், அதாவது நாலரை லிட்டர், கலந்து வைத்த தண்ணீரை அதே ட்ரிப் குழாயால் மெதுவாக மாற்றுங்கள். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். தீவனம் இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு போதும், மிஞ்சினால் எடுத்துவிடுங்கள். மீன் தின்றுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால், விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மாஸ் புதருக்குள் பாருங்கள். பகலில் காணாத குட்டிகளெல்லாம் அப்போது வெளியே இருக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் ஒரு வருடத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிடும். மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், அகன்ற பாட்டிலில் பாதித் தண்ணீரும் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் மாஸும் போட்டு. ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது. ஜெர்மனியிலும் ஹவாயிலும் யாரோ விட்ட செர்ரி இறால் இன்று காட்டு நீரில் குடியேறி வாழ்கிறது, நம் ஏரிகளில் ஏற்கெனவே நம்முடைய சிறு இறால்கள் இருக்கின்றன.